உருகினால் போதும்: ஸ்லோ குக்கரில் ஃபட்ஜ்

மின்சாரத்தில் மெல்லச் சூடேறும் பீங்கான் சட்டியான ஸ்லோ குக்கரில் ஃபட்ஜ் என்ற சாக்லேட் இனிப்பைச் செய்யும்போது அடுப்பில் ஏதோ வேகிறது என்று நினைத்துக்கொண்டால் பாதி காரியம் அங்கேயே கெட்டுவிடும். இந்தச் செய்முறையில் வேகவைப்பது எதுவுமே இல்லை. சாக்லேட்டும் கண்டென்ஸ்டு மில்க்கும் ஒன்றாக உருகிக் கலக்க வேண்டும், பிறகு ஆறி இறுக வேண்டும். அவ்வளவுதான் வேலை. அடி கருகிவிட்டது, எண்ணெய் பிரிந்து மிதக்கிறது, வாயில் வைத்தால் நறநறவென்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றைத் துருவிப் பார்த்தால் காரணம் ஒன்றுதான்: தேவைக்கு மேல் சூடு.

இதை ஏன் முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், பழைய ஃபட்ஜ் நிஜமாகவே காய்ச்சிக் கிண்டுகிற பண்டம். அமெரிக்காவில் பிறந்தது. நியூயார்க் மாநிலத்து வாஸர் கல்லூரியில் படித்த எமிலின் பாட்டர்ஸ்பி ஹார்ட்ரிட்ஜ் எழுதிய கடிதம் ஒன்று இதன் தொடக்கத்துக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. 1886-ல் பால்ட்டிமோரில் ஒரு பவுண்டு 40 சென்ட்டுக்கு இது விற்றதாகவும், செய்முறையை வாங்கித் தான் 1888-ல் கல்லூரி ஏலத்துக்கு 30 பவுண்டு செய்து கொடுத்ததாகவும் அதில் எழுதியிருக்கிறார். அந்த ஃபட்ஜுக்குச் சர்க்கரை, பால், சாக்லேட், வெண்ணெய் எல்லாம் சேர்த்து 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்ச வேண்டும். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்தால் விரலிடுக்கில் மெத்தென்று உருள வேண்டும். அதிரசத்துக்குப் பாகு பார்க்கிறவர்களுக்கு இந்தப் பதம் புதிதல்ல. ஏறக்குறைய அதே இடம்தான். இறக்கிய பிறகு கரண்டியே போடாமல் 45 டிகிரிக்குக் கீழே ஆற விட்டு, அப்புறம் பளபளப்பு மங்கும்வரை கை வலிக்க அடிக்க வேண்டும். சர்க்கரை நுண்ணிய படிகங்களாகி, வாயில் போட்டதும் கரைகிற பதம் அப்போதுதான் வரும்.

ஸ்லோ குக்கருக்கு இந்த வேலை வராது. இர்விங் நாக்ஸன் 1940-ல் காப்புரிமை பெற்று, ரைவல் நிறுவனம் 1971-ல் கிராக்-பாட் என்ற பெயரில் கடைகளுக்குக் கொண்டுவந்த சாதனம் இது. அவரையையும் இறைச்சியையும் மணிக்கணக்கில் தளதளவென்று வேகவைக்கவே உருவாக்கப்பட்டது. அதன் லோ (குறைந்த சூடு), ஹை (அதிகச் சூடு) என்ற இரண்டு நிலைகளும் கடைசியில் ஏறக்குறைய கொதிநிலையில்தான் போய் நிற்கும். எவ்வளவு நேரத்தில் அங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம். பாகு 115 டிகிரியைத் தொட வேண்டுமானால் அதிலிருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகிப் போக வேண்டும். 200 வாட் அளவில் ஓடுகிற ஒரு பீங்கான் சட்டி அதைச் செய்யாது. ஆகவே "சர்க்கரை, பால், வெண்ணெய் மூன்றையும் போட்டு மூன்று மணி நேரம் விட்டால் ஃபட்ஜ்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிடைப்பது இனிப்புப் பால் மட்டுமே. இலங்கைப் பால் டொஃபியையும் இதில் முயலாதீர்கள். டின்பாலும் சீனியும் முந்திரியும் தாச்சியில் சுருண்டு ஓரம் விட்டு வரவேண்டிய பண்டம் அது. அசல் ஃபட்ஜுக்கு நெருங்கிய சொந்தம், அடுப்புத்தான் அதற்கு இடம்.

ஸ்லோ குக்கர் ஃபட்ஜ் இறுகுவது சர்க்கரைப் படிகத்தால் அல்ல, சாக்லேட்டில் இருக்கும் கோக்கோ பட்டரால். 34 டிகிரி அளவில் உருகுகிற கொழுப்பு அது. ஆறினால் தானே இறுகிக்கொள்ளும். கண்டென்ஸ்டு மில்க் வேலை வேறு: பாலும் சர்க்கரையும் ஏற்கெனவே சுண்டிய நிலையில் இருப்பதால், பாகு காய்ச்சும் வேலையைத் தொழிற்சாலையே முடித்து டின்னில் அடைத்துக் கொடுத்துவிட்டது. இப்படிப் பார்த்தால் எல்லா அளவுகளுக்கும் காரணம் விளங்கிவிடும்.

அளவு

கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், 397 கிராம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் டின் அளவு இதுதான். இந்திய டின்கள் இதைவிடச் சற்றுக் கூடக் குறைய இருக்கும். மலேசியாவில் இன்னும் பெரிய டின்கள் உண்டு. டின் கணக்கை விட்டுவிட்டுத் தராசில் 400 கிராம் நிறுத்துக்கொள்வதே நல்லது. டின்னைத் திறக்குமுன் ஐந்து நிமிடம் சுடுதண்ணீரில் நிறுத்திவைத்தால் வழித்தெடுக்க இலகுவாக இருக்கும். இல்லாவிட்டால் ஒரு மேசைக்கரண்டி பால் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இதற்கு டார்க் சாக்லேட் என்றால் 400 கிராம், மில்க் சாக்லேட் என்றால் 500 கிராம், வெள்ளைச் சாக்லேட் என்றால் 600 கிராம். கூடவே உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், வனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி.

மூன்றுக்கும் ஏன் மூன்று எடை? கண்டென்ஸ்டு மில்க்கில் கால் பங்குக்குச் சற்று மேல் தண்ணீர். ஒரு டின்னில் சுமார் 105 கிராம். அந்தத் தண்ணீரைக் கட்டிப்போட வேண்டியது சாக்லேட்டின் பொறுப்பு. டார்க் சாக்லேட்டில் கோக்கோ பட்டரும் அதிகம், தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் கோக்கோத் தூளும் அதிகம். 400 கிராமே தாங்கும். மில்க் சாக்லேட்டில் கோக்கோ குறைவு, அதோடு பால் கொழுப்பு வேறு கலந்திருக்கிறது. பால் கொழுப்பு கோக்கோ பட்டரை இளக்கிவிடும். வெள்ளைச் சாக்லேட்டில் கோக்கோத் தூள் அறவே இல்லை. டார்க் சாக்லேட்டுக்கு எழுதிய அளவில் வெள்ளைச் சாக்லேட்டைப் போட்டுவிட்டு, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தும் கரண்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை.

டார்க் என்றால் கோக்கோ 50 முதல் 55 சதவீதம் போதும். 70 சதவீதம் போட்டால் கசப்பு தூக்கலாக வருவது மட்டுமல்ல, கலவை வறண்டு எண்ணெய் கக்கவும் வாய்ப்பு அதிகம். அதுதான் வேண்டுமென்றால் 350 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் வாங்குகிறவர்கள் லேபிளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பேக்கரிச் சாமான் கடைகளில் பாளமாகக் கிடைப்பதில் பெரும்பகுதி காம்பவுண்ட். கோக்கோ பட்டருக்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்தது. அதிலும் ஃபட்ஜ் வரும். சொல்லப்போனால் சென்னை வெயிலில் அதுதான் நின்று பிடிக்கும். ஆனால் வாயில் மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் தங்கும், சுவையும் ஒரு மாற்றுக் குறைவு. செலவைக் குறைக்கலாம் என்று அசல் சாக்லேட்டையும் காம்பவுண்டையும் பாதிப் பாதி கலக்க மட்டும் கலக்காதீர்கள். காம்பவுண்டில் பெரும்பாலும் இருக்கும் பாம் கெர்னல் கொழுப்பும் கோக்கோ பட்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியே இருப்பதைவிட இளகலாகிவிடும், சில நாளில் மேலே சாம்பல் பூக்கும். ஒன்று அது, இல்லையென்றால் இது.

சாக்லேட் சிப்ஸ் போடலாமா என்றால், போடலாம். பிஸ்கட்டில் வேகும்போது வடிவம் கலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டவை என்பதால் அவற்றில் கொழுப்பு சற்றுக் குறைவு. உருகிய பிறகும் முத்து முத்தாக அப்படியே நிற்கும். பார்த்தால் உருகாததுபோல் தெரியும். அதைப் பார்த்துச் சூட்டைக் கூட்டிவிட்டு மோசம்போகிறவர்கள் அநேகர். கரண்டியால் ஒன்றை அழுத்திப் பாருங்கள், குழைந்தால் உருகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. எவாப்பரேட்டட் மில்க் என்று அதே அளவு டின்னில், அதே அலமாரியில் பக்கத்திலேயே இருக்கும். அதில் சர்க்கரை கிடையாது, முக்கால் பங்கு தண்ணீர். கை மாறி எடுத்துவிட்டால் கிடைப்பது சாக்லேட் சாஸ்.

குக்கரின் குணம்

ஸ்லோ குக்கரின் சூட்டுக்கம்பி பெரும்பாலான மாடல்களில் பீங்கான் பாத்திரத்தைச் சுற்றி, பக்கவாட்டில் ஓடுகிறது. எனவே நடுவைவிட ஓரம்தான் முதலில் சுடும். குழம்பு வைத்தால் இது தெரியாது, திரவம் தானே சுழன்று சூட்டைச் சமப்படுத்திக்கொள்ளும். சாக்லேட் அப்படிச் சுழலாது. ஓரத்தில் ஒட்டிய துண்டு அங்கேயே கிடந்து காயும். கருகல் எப்போதும் சுவரோரம், கலவை முடிகிற விளிம்புக்கோட்டில்தான் தொடங்குவதைக் கவனித்தால் தெரியும்.

அதனால் பாத்திரம் சிறிதாக இருப்பது முக்கியம். ஒரு டின் கணக்குக்கு 1.5 முதல் 3.5 லிட்டர் குக்கர் சரி. 6 லிட்டர் குக்கரில் இதே அளவைப் போட்டால் தோசை மாதிரிப் பரவிக் கிடக்கும்; நடு உருகுமுன் ஓரம் தீய்ந்துவிடும். பெரியதுதான் இருக்கிறது என்றால் இரண்டு டின்னாகச் செய்யுங்கள். அல்லது உள்ளே 2 சென்டிமீட்டர் சுடுதண்ணீர் ஊற்றி, அதில் கண்ணாடிக் கிண்ணமோ எவர்சில்வர் பேசினோ வைத்து அதற்குள் உருக்குங்கள். நேரம் கூடுதலாகும், கருகவே கருகாது.

முன்கூட்டிச் சூடாக்க வேண்டாம். குளிர்ந்த பாத்திரத்தின் அடியிலும் சுவரிலும் வெண்ணெயைத் தடவி, மிச்ச வெண்ணெயை உள்ளே போட்டு, முதலில் கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றுங்கள். அதன்மேல் நடுவில் குவியலாகச் சாக்லேட். பாளமாக இருந்தால் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கியிருக்க வேண்டும். பெரிய கட்டிகள் கடைசிவரை இழுத்தடித்து மற்றதைக் கருக வைக்கும். சுவரில் சாக்லேட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோவில் வையுங்கள். மூட வேண்டாம்.

இந்த மூடி விஷயத்தில் பரவலாக ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது: மூடியில் வேர்க்கும் தண்ணீர் சொட்டினால் சாக்லேட் திரைந்து கட்டியாகிவிடும் என்று. தனிச் சாக்லேட்டை உருக்கும்போது அது முழு உண்மை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சர்க்கரையும் கோக்கோத் துகளும் அந்த ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மொத்தமும் சேறாகிவிடும். ஆனால் இங்கே கண்டென்ஸ்டு மில்க் வழியாக நூறு கிராமுக்கு மேல் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அந்த அளவு ஈரத்தில் துகள்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை, நனைந்து கரைந்து குழம்பாகிவிடுகின்றன. திறந்து வைப்பதற்கு அசல் காரணம் வேறு. மூடினால் சூடு உள்ளே தேங்கி வெப்பநிலை கிடுகிடுவென்று ஏறும். சொட்டுகிற ஈரம் கலவையை நீர்க்கச் செய்யும். மூடியை எடுத்துவிட்டால் ஆவி வெளியே போகும், சூடும் மட்டுப்படும்.

முதல் 15 நிமிடம் தொடவே வேண்டாம். பிறகு சிலிக்கான் ஸ்பாச்சுலாவால் சுவரோரத்தை ஒரு சுற்று வழித்து, அடியிலிருந்து மேலே புரட்டி விடுங்கள். முதல் தடவை பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பால் ஒரு பக்கம் சாக்லேட் ஒரு பக்கமாகத் திட்டுத் திட்டாக. கவலை வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இதையே செய்யுங்கள்; பாதி உருகியதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. வேகமாகச் சுழற்றவோ விஸ்க் போட்டு அடிக்கவோ கூடாது. காற்றுக் குமிழி ஏறி, வெட்டும்போது ரொட்டி மாதிரிப் பொத்தல் பொத்தலாகத் தெரியும்.

முக்கால்வாசி உருகி, அங்கங்கே சின்னச் சின்னக் கட்டி தெரிகிற கட்டத்தில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இந்த முழுச் செய்முறையிலும் முக்கியமான இடம் இதுதான். பெரும்பாலோர் கடைசிக் கட்டியும் கரையட்டும் என்று காத்திருந்துதான் கெடுக்கிறார்கள். பீங்கான் கனமான சட்டி. மின்சாரம் நின்றாலும் நீண்ட நேரம் சூட்டை விடாது. மண்சட்டியில் மீன்குழம்பு இறக்கிய பிறகும் கொதித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி. மிச்சக் கட்டிகளை அந்தச் சூடே கரைத்துவிடும். சுவிட்ச் போட்டதிலிருந்து அணைக்கும்வரை 35 முதல் 60 நிமிடம் ஆகும். குக்கருக்குக் குக்கர் மாறும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் கலவையின் நடுவில் 50 முதல் 55 டிகிரி காட்டினால் போதும். 65-ஐத் தாண்ட விடாதீர்கள்.

ஹையில் வைத்து அரை மணியில் முடிக்கலாம் என்று பிரிட்டிஷ் குறிப்புகள் பல சொல்கின்றன. பக்கத்திலேயே நின்று கிளறிக்கொண்டிருந்தால் வரும். ஆனால் பக்கத்திலேயே நிற்பதாக இருந்தால் ஸ்லோ குக்கர் எதற்கு? அடிகனமான பாத்திரத்தில் சிம்மில் வைத்தால் இதே ஃபட்ஜ் பத்து நிமிடத்தில் தயார். ஸ்லோ குக்கரின் லாபம் நேரத்தில் இல்லை. இடையே வேறு வேலை பார்க்கலாம், அடுப்பு காலியாக இருக்கும், கிறிஸ்துமஸ் சமயத்தில் பரிசுப் பெட்டிக்கு இரண்டு மூன்று கிலோ செய்தாலும் ஒரே பாத்திரத்தில் அடங்கும். அதற்காக வைத்திருப்பவர்களுக்கு லோதான் பொருந்தும்.

கலவை பளபளவென்று ஒரே நிறமானதும் வனிலாவும் உப்பும் சேருங்கள். வனிலாவை முன்பே ஊற்றினால் வாசனை சூட்டில் போய்விடும். பதம் பார்க்க, ஸ்பாச்சுலாவால் அடியில் ஒரு கோடு இழுங்கள். பாத்திரத்தின் அடி தெரிந்து, இரண்டு மூன்று நொடி கழித்து மெல்ல மூடிக்கொண்டால் சரி. கேசரி இறக்கும்போது ஓரம் விட்டுத் திரண்டு வருமே, அதைவிடச் சற்று இளக்கம்.

தட்டில் ஊற்றுவதும் ஆறவிடுவதும்

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்றில் பட்டர் பேப்பரைப் போட்டுத் தயாராக வைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பேப்பர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், பிறகு தூக்க உதவும். கலவையைச் சுடச்சுட ஊற்றி, தட்டை மேசையில் நாலு தட்டுத் தட்டுங்கள். ஒரு டின்னுக்கு மொத்தம் 850 கிராம் முதல் ஒரு கிலோ வரை வரும், கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் கனத்தில். பெரிய தட்டில் ஊற்றினால் மெல்லிசாகிப் பர்பி மாதிரி ஆகிவிடும். அதுவும் மோசமில்லை, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். பாத்திரத்தின் சுவரில் காய்ந்து ஒட்டியிருக்கும் விளிம்பைச் சுரண்டிச் சேர்க்காதீர்கள். பத்துக் கிராம் மிச்சம் பிடிக்கப் போய் முழுத் தட்டிலும் நறநறப்பை வாங்கிக்கொள்வதில் அர்த்தமில்லை.

மேலே தூவ வேண்டியதை ஐந்து நிமிடத்துக்குள் தூவி உள்ளங்கையால் லேசாக அழுத்திவிடுங்கள். மேற்பரப்பு மங்கத் தொடங்கிய பிறகு தூவினால் வெட்டும்போது எல்லாம் உதிரும்.

லண்டன், டொராண்டோ பக்கம் குளிர்காலம் என்றால் வெளியிலேயே ஆறு மணி நேரத்தில் இறுகிவிடும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் அது நடக்காது. கோக்கோ பட்டர் உருகுகிற வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே அறை இருக்கும்போது எப்படி இறுகும்? ஒரு மணி நேரம் வெளியே ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரமாவது வைக்க வேண்டும். சூடாகவே உள்ளே தள்ளினால் ஆவி மேலே குளிர்ந்து முத்து முத்தாக நிற்கும். சர்க்கரை அதில் கரைந்து மேற்பரப்பு பிசுபிசுக்கும். ஆறிய பிறகு கிளிங் ஃபிலிமை ஃபட்ஜின் மேலேயே படியும்படி ஒட்டி மூடுங்கள். ஃப்ரிட்ஜில் பூண்டு, கருவாடு ஏதும் இருந்தால் இரண்டு சுற்று மூடுங்கள். கொழுப்பு வாசனையைப் பிடித்துக்கொள்ளும்.

வெட்ட, நீளமான கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கி, நன்றாகத் துடைத்து, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். அறுக்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் திரும்ப முக்கித் துடைக்க வேண்டும். ஆறுக்கு ஆறு வெட்டினால் 36 துண்டு, தலா 25 கிராம். அது கொஞ்சம் அதிகம்தான்; ஏழுக்கு ஏழு, 49 துண்டு, வாய்க்குச் சரியாக இருக்கும்.

கெட்டுப்போனால்

எண்ணெய் பிரிந்தால் பயப்பட வேண்டாம், காப்பாற்றிவிடலாம். கலவை திரண்டு உருண்டு, பக்கத்தில் மினுமினுவென்று கொழுப்பு கசிந்து நிற்கும். ஓரத்தில் தண்ணீர் வற்றி, கொழுப்பைப் பிடித்துவைக்க ஈரம் போதவில்லை என்று அர்த்தம். பாத்திரத்தைக் குக்கரிலிருந்து வெளியே எடுத்து, சூடான பாலை ஒரு மேசைக்கரண்டி ஊற்றி நடுவிலிருந்து சின்ன வட்டமாக விறுவிறுவென்று கலக்குங்கள். முதலில் இன்னும் மோசமாவதுபோல் தெரியும். இரண்டாவது கரண்டியில் சட்டென்று பளபளப்பு திரும்பும். மூன்று கரண்டிக்கு மேல் ஊற்ற வேண்டாம். பச்சைப்பால், ஐஸ்பால் ஆகாது. கொழுப்பு அங்கேயே உறைந்து மணியாகிவிடும்.

இறுகவில்லை என்றால் சாக்லேட் போதவில்லை, அல்லது மூடி போட்டு ஈரம் சேர்ந்துவிட்டது. முழுவதையும் திரும்பக் குக்கரில் போட்டு லோவில் இளக்கி, நறுக்கிய சாக்லேட் 75 முதல் 100 கிராம் சேர்த்து மறுபடி ஊற்றுங்கள். இதை ஒருமுறை செய்யலாம். கண்டென்ஸ்டு மில்க்கில் பால் சர்க்கரை மிக நுண்ணிய படிகமாக இருக்கும்படி தொழிற்சாலையில் பக்குவம் பண்ணியிருப்பார்கள். திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அது கரைந்து, ஆறும்போது பெரிய படிகமாகிவிடும். நாக்கில் மணல்.

மணலுக்கு இன்னொரு காரணம் கருகல். ஓரத்தில் காய்ந்த பொருக்கு கலவைக்குள் விழுந்திருக்கும். சூடாக இருக்கும்போதே சல்லடையில் வடித்தால் பொருக்கு போகும், ஆனால் தீய்ந்த வாசனை போகாது. கருகலுக்கு மருந்தில்லை. வெள்ளைச் சாக்லேட் இதில் எல்லாவற்றையும்விட மோசம். பாலும் சர்க்கரையும் அதிகம் என்பதால் முதலில் மஞ்சளித்து, பிறகு தவிட்டு நிறமாகி, கடைசியில் கட்டியாகிவிடும். வெள்ளை செய்வதானால் லோவில் 20 நிமிடம், பிறகு வெறும் சூட்டைக் காக்கிற வார்ம் நிலைக்கு மாற்றிவிடுங்கள். முடிந்தால் முதலிலிருந்தே கிண்ணத்துக்குள் வைத்து உருக்குங்கள்.

மேலே சாம்பல் பூத்திருந்தால் அது பூஞ்சை அல்ல. கொழுப்பு மேலே வந்து உறைந்ததாக இருக்கலாம், அல்லது ஈரம் பட்டுச் சர்க்கரை கரைந்து காய்ந்ததாக இருக்கலாம். ஃப்ரிட்ஜுக்கும் மேசைக்குமாக அலைக்கழித்தால் இரண்டுமே வரும். சாப்பிடலாம்.

என்னென்ன சேர்க்கலாம்

கொட்டை வகை எதுவானாலும் 150 கிராம்வரை. வெறும் வாணலியில் வறுத்து முழுதாக ஆறியிருக்க வேண்டும். நெய்யில் வறுத்த முந்திரி நம் கைப்பழக்கம். ஆனால் இதில் வேண்டாம். நெய்ப் படலம் இருப்பதால் ஃபட்ஜ் முந்திரியைப் பிடிக்காது, வெட்டும்போது குழியை விட்டுவிட்டு முந்திரி மட்டும் கழன்று விழும். வெள்ளைச் சாக்லேட்டில் பிஸ்தா 100 கிராமும் ஏலக்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டியும் சேர்த்தால் பால்கோவாவுக்குப் பக்கத்தில் வரும், அநியாயத் தித்திப்பும் கொஞ்சம் அடங்கும். டார்க் சாக்லேட்டுக்கு இன்ஸ்டன்ட் காபித்தூள் இரண்டு தேக்கரண்டி. அதைத் தண்ணீரில் கரைக்காமல், உருகிய வெண்ணெயில் குழைத்துச் சேருங்கள். ஆரஞ்சுத் தோல் துருவல் போடலாம், சாறு கூடாது. எலுமிச்சைச் சாறும் அப்படியே.

பிஸ்கட் துண்டுகளைக் கடைசியாக, குக்கரை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துச் சேர்த்தால் மொறுமொறுப்பு நிற்கும். பிரிட்டனில் ஈஸ்டர் சமயத்தில் சாக்லேட் முட்டைகளை மேலே பதிக்கிற வழக்கம் உண்டு. அவற்றை முதலில் ஒரு மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்துவிட்டுப் பதித்தால் உருகி வழியாது. மதுவகை ஏதாவது சேர்க்கிறவர்கள் இரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்தி, அதற்கு ஈடாகச் சாக்லேட்டை 50 கிராம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஸ்லோ குக்கர் இல்லாதவர்களுக்கு: இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரப் பிரஷர் குக்கரில் ஸ்லோ குக் வசதி இருந்தாலும் அதன் உள்பாத்திரம் எவர்சில்வர், சூடு அடியிலிருந்து வரும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியை வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரில் நேரடியாகப் போடவே போடாதீர்கள், சோறு வேகிற சூடு சாக்லேட்டுக்கு ஆகாது. அதில் இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வார்முக்கு வந்ததும் மேலே பேசினை வைத்து உருக்கினால் ஸ்லோ குக்கருக்குக் கொஞ்சமும் குறைவில்லாமல் வரும்.

காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர் போட்டு, ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் வைக்கலாம். ஃப்ரீஸரில் இரண்டு மாதம். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். வேர்வை டப்பாவின் மேல் போகும், ஃபட்ஜின் மேல் படாது.

குக்கர் பாத்திரத்தில் ஒட்டியிருப்பதைக் கழுவி ஊற்ற வேண்டாம். அரை லிட்டர் பாலை அடுப்பில் சூடாக்கி அதில் ஊற்றி, லோவில் இருபது நிமிடம் விட்டுக் கலக்கினால் நாலு கப் ஹாட் சாக்லேட். சர்க்கரை தேவைப்படாது. பால் சூடாகத்தான் இருக்க வேண்டும்: ஃப்ரிட்ஜ் பாலை அந்தச் சூட்டுப் பீங்கானில் ஊற்றினால் பாத்திரம் விண்டுவிடும்.